நீரோட்டம் பார்த்தல்

நீரோட்டம் பார்த்தல் என்பது கவைக்குச்சி, தேங்காய், உலோகக் கம்பி, ஊசல் போன்ற எளிய பொருட்களைக் கையில் ஏந்தி நிலத்தின் மீது நடந்து, அடியில் நீர் இருக்கும் இடத்தைக் கண்டறிய முயலும் வழக்கம் ஆகும். கையிலுள்ள பொருள் தானாகச் சாய்வதாகவோ, சுழல்வதாகவோ, நிமிர்வதாகவோ தோன்றும் இடம் நீர் உள்ள இடம் எனக் கொள்ளப்படுகிறது. உலகின் பல நாடுகளில் காணப்படும் இவ்வழக்கம், கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் கொங்கு வட்டாரத்தில் இன்றும் பரவலாக உள்ளது. திருப்பூர், அவினாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு அமைக்க எண்ணும் பலர், துளையிடும் வண்டியை அழைப்பதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கின்றனர்.

கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில், இம்முறை குருட்டு ஊகத்தைவிடச் சிறந்தது என்பது நிறுவப்படவில்லை. அதே வேளையில், நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் துளையிட்டுத் தண்ணீர் கண்டவர்கள் ஏராளம். இவ்விரு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பதை விளங்கிக்கொள்ள, குச்சியை மட்டுமன்றி அதன் கீழுள்ள பாறையையும் அறிதல் வேண்டும்.

பெயர்

பேச்சு வழக்கில் இது "தண்ணி பார்க்கிறது", "ஓட்டம் பார்க்கிறது" என்றும் வழங்கப்படுகிறது. நிலத்துக்கு அடியில் நீர், ஆறு போல ஒரு தடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்னும் கருத்தை "நீரோட்டம்" என்ற சொல் உணர்த்துகிறது. உண்மையில் நிலத்தடி நீரின் பெரும்பகுதி மண், மணல் துகள்களின் இடைவெளிகளிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கி, மிக மெதுவாகக் கசிந்து நகர்கிறது. கடினப் பாறைப் பகுதிகளில் வெடிப்புகள் நீண்ட கோடுகளாக அமைவதுண்டு. எனவே அப்பகுதிகளைப் பொறுத்தவரை "ஓட்டம்" என்ற சொல்லில் ஓரளவு பொருள் உள்ளது.

கிணற்றைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று கூவல். நிலத்தடி ஊற்று இருக்கும் இடத்தை அறியும் கலையைக் கூறும் நூலைக் "கூவநூல்" எனத் தமிழ் அகராதிகள் குறிப்பிடுகின்றன. கிணற்றுக்கு இடம் தேர்தல் ஒரு தனி அறிவுத்துறையாகக் கருதப்பட்டதை இச்சொல் காட்டுகிறது.

முறைகள்

கொங்கு வட்டாரத்தில் பொதுவாகக் காணப்படும் முறைகள் பின்வருமாறு:

- கவைக்குச்சி: வேம்பு போன்ற மரத்திலிருந்து வெட்டிய, இரண்டாகப் பிரியும் பச்சைக் குச்சி. இரு கிளைகளையும் இரு கைகளால் பற்றி, முனை முன்னோக்கி இருக்குமாறு பிடித்து நடப்பர். முனை கீழே இழுபடும் அல்லது மேலே எழும் இடம் குறிக்கப்படும்.
- தேங்காய்: குடுமியுடன் கூடிய தேங்காயை உள்ளங்கையில் படுக்கை நிலையில் வைத்து நடப்பர். நீர் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை.
- கம்பிகள்: செங்கோணமாக வளைத்த இரண்டு செம்புக் கம்பிகளைக் கைக்கு ஒன்றாகத் தளர்வாகப் பிடிப்பர். அவை ஒன்றையொன்று குறுக்கிடும் இடம் நீர் உள்ள இடமாகக் கொள்ளப்படும்.
- ஊசல்: நூலில் கட்டிய குண்டு, சாவி அல்லது சங்கிலிக் கடிகாரம் சுழலும் விதத்தைக் கொண்டு இடமும் ஆழமும் கூறப்படும்.

அண்மைக் காலமாக, நீளும் உலோகத் தண்டு பொருத்தப்பட்ட, மின்னணுக் கருவி போன்ற தோற்றமுடைய சாதனங்களுடன் வருவோரும் உள்ளனர். கைப்பிடியில் தடையின்றிச் சுழலும் தண்டு திசை காட்டும் எனில், அச்சாதனமும் கம்பி முறையின் மறுவடிவமே ஆகும். இத்தகைய அமைப்புடைய ஏடிஇ 651 என்னும் போலி வெடிகுண்டு கண்டறியும் கருவி ஈராக்கின் சோதனைச் சாவடிகளில் பெருமளவில் பயன்படுத்தப்பட்டது. அதை விற்ற பிரித்தானியர் ஜேம்ஸ் மக்கார்மிக்கிற்கு 2013 ஆம் ஆண்டில் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

வரலாறு

ஐரோப்பாவில் கவைக்குச்சியைப் பற்றிய புகழ்பெற்ற பழைய விவரிப்பு, 1556 ஆம் ஆண்டில் வெளியான ஜார்ஜியஸ் அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூலில் உள்ளது. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் கனிமத் தடங்களைத் தேடக் கவைக்குச்சியைப் பயன்படுத்தியதை அவர் படத்துடன் விளக்கினார். ஆயினும், தேர்ந்த சுரங்கக்காரர் குச்சியை நம்பாமல் நிலத்தில் காணப்படும் இயற்கை அடையாளங்களையே நம்ப வேண்டும் என்பது அவருடைய கருத்து. பின்னர் நீரைத் தேடவும் இம்முறை பரவலாகப் பயன்பட்டது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1917 ஆம் ஆண்டிலேயே இதன் வரலாற்றைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது.

இந்தியாவில் நிலத்தடி நீரைப் பற்றிய மிகப் பழைய விரிவான குறிப்புகளுள் ஒன்று, 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் உள்ளது. இந்நூலின் ஓர் அத்தியாயம், ஏறத்தாழ 125 செய்யுட்களில், கிணற்றுக்கு இடம் தேர்வது குறித்துப் பேசுகிறது. மரங்களின் வகை, அவற்றின் அருகே உள்ள கறையான் புற்று, மண்ணின் நிறம், தோண்டும்போது எதிர்ப்படும் கல் ஆகியவையே அதில் அடையாளங்களாகக் கூறப்படுகின்றன. இது நிலத்தின் மேற்பரப்பை உற்றுநோக்கும் முறையாகும். கையிலுள்ள பொருளின் அசைவை நம்பும் முறையிலிருந்து இதனை வேறுபடுத்திக் காண்பது அவசியம்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1920களில் பம்பாய் மாகாண அரசு மேஜர் போக்சன் என்பவரை நீரோட்டம் பார்க்கும் அலுவலராகவே அமர்த்தியிருந்தது. இவ்வழக்கம் கிராமத்தவரிடம் மட்டும் உள்ளதன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. பிரித்தானியாவின் 12 நீர் வழங்கல் நிறுவனங்களுள் 10 நிறுவனங்களின் பணியாளர்கள் சில வேளைகளில் கம்பிகளைப் பயன்படுத்துவது 2017 ஆம் ஆண்டில் தெரியவந்தது.

திருப்பூர் வட்டாரத்தின் நிலமும் நீரும்

திருப்பூர் மாவட்டம் 2009 ஆம் ஆண்டில் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் இங்கு மழை குறைவு. வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றும் நொய்யல் ஆறு இந்நகரின் ஊடாகச் சென்று காவிரியில் கலக்கிறது. அதில் ஆண்டு முழுவதும் இயற்கையான நீர்ப்பெருக்கு இருப்பதில்லை.

இப்பகுதியின் அடித்தளம் நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற கடினப் பாறைகளால் ஆனது. நிலத்தை மேலிருந்து கீழாக மூன்று அடுக்குகளாகக் கருதலாம். முதலில் மண்ணும் சிதைந்த பாறையும் உள்ளன. அதன் கீழே வெடிப்புகள் நிறைந்த பாறை உள்ளது. அதற்கும் கீழே செல்லச் செல்ல வெடிப்புகள் குறைந்து, பாறை திண்மையாகிவிடுகிறது. ஆற்று மணலின் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு வெற்றிடமாக இருக்கும். கடினப் பாறையிலோ வெடிப்புகளின் மொத்த அளவு பொதுவாக நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆகவே பாறையில் நீர் தங்கும் இடமே சிறிது.

இவ்வமைப்பால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. ஒன்று, ஏதேனும் ஓர் அளவு நீர் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் உள்ளது. மற்றொன்று, அந்த அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுகிறது. ஒரே தோட்டத்தில் நூறு அடி இடைவெளியில் போட்ட இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்று இரண்டு இஞ்சுத் தண்ணீர் தருவதும், மற்றொன்றில் வெறும் புழுதி பறப்பதும் இயல்பு. காவிரிப் படுகையின் வண்டல் நிலத்தில் எங்கு தோண்டினாலும் தண்ணீர் கிடைக்கும் என்பதால் அங்கு இடம் தேர்வது பெரிய சிக்கல் அன்று. கொங்கு நாட்டில் அது உண்மையான சிக்கல். நீரோட்டம் பார்ப்பவருக்கு இங்கு தேவை மிகுந்திருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

திறந்த கிணறுகளிலிருந்து கவலை கொண்டு நீர் இறைத்த காலத்தில், கிணறுகள் சிதைந்த பாறையையும் அதை ஒட்டிய வெடிப்புகளையுமே நம்பியிருந்தன. மின்சார மோட்டார் பரவிய பின் நீர்மட்டம் இறங்கியது. கிணறுகள் ஆழப்படுத்தப்பட்டன, அவற்றின் பக்கச் சுவர்களில் "சைடு போர்" எனப்படும் கிடைத்துளைகள் இடப்பட்டன. அதன் பிறகு ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு, இந்தியா முழுவதும் செல்லும் துளையிடும் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற மையமாக வளர்ந்தது. இன்று இவ்வட்டாரத்தில் ஆயிரம் அடியைக் கடந்த துளைகள் அரியவை அல்ல.

பின்னலாடைத் தொழிலும் நீர்த் தேவையும்

1970களின் பிற்பகுதியிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்தபோது, வெளுப்பு ஆலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நல்ல தண்ணீர் பெருமளவில் தேவைப்பட்டது. சுற்றுப்புற ஊர்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. தண்ணீர் விற்பனைப் பொருளானதால், நல்ல ஓட்டம் உள்ள ஓர் ஆழ்துளைக் கிணறு பயிரைவிட அதிக வருவாய் தரும் நிலையும் ஏற்பட்டது. 2000களின் நடுப்பகுதியில், ஆற்று நீரை நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் வரை கொண்டுவரும் வகையில் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தின் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இது தொழிற்சாலைகளின் நிலத்தடி நீர்த் தேவையைக் கணிசமாகக் குறைத்தது.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு சேர்க்கப்படுகிறது. பல ஆண்டுகள் கழிவுநீர் நொய்யலில் விடப்பட்டதால் ஆற்றை ஒட்டிய கிணறுகள் உப்பாகின. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. சென்னை உயர் நீதிமன்றம் 2006 ஆம் ஆண்டில் கழிவுநீரை அறவே வெளியேற்றக் கூடாது என ஆணையிட்டது. அது முழுமையாகப் பின்பற்றப்படாததால், 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இவ்வட்டாரத்தில் கிணற்றுக்கு இடம் தேர்பவர் "தண்ணீர் உண்டா" என்று மட்டுமன்றி, "அது பயன்படும் தண்ணீரா" என்றும் கேட்க வேண்டியிருப்பதற்கு இவ்வரலாறு காரணம் ஆகும்.

சோதனைகள்

நீரோட்டம் பார்க்கும் திறனைச் சோதிக்க, நீர் இருக்கும் இடம் பார்ப்பவருக்கும் உடன் நிற்பவருக்கும் தெரியாதவாறு ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு இருமறைச் சோதனை என்று பெயர். உடன் நிற்பவருக்கு விடை தெரிந்திருந்தால், அவர் அறியாமலேயே முகக்குறிப்பால் அதை வெளிப்படுத்தக்கூடும்.

- நியூசிலாந்து, 1948: ஓங்லி என்பவர் நீரோட்டமும் பிறவும் பார்க்கும் 75 பேரைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், எவருடைய முடிவும் தற்செயலைவிட நம்பகமானதாக இல்லை.
- மியூனிக், 1987-1988: ஜெர்மானிய அரசின் நிதியுதவியுடன் நடந்த விரிவான ஆய்வு இது. ஏறத்தாழ 500 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 43 பேர் கலந்துகொண்டனர். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் நீர் ஓடும் குழாய் ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைக்கப்பட்டது. மேல்தளத்தில் 10 மீட்டர் நீளக் கோட்டில் நடந்து அதன் இடத்தைக் கூற வேண்டும். மொத்தம் 843 முறை சோதிக்கப்பட்டது. பெரும்பாலோர் தோற்றாலும் ஒரு சிலரிடம் உண்மையான திறன் உள்ளது என ஆய்வாளர்கள் அறிவித்தனர். பின்னர் இத்தரவுகளை மறு ஆய்வு செய்த ஜிம் என்ரைட், அந்த ஒரு சிலரின் முடிவுகளும் தற்செயலாக எதிர்பார்க்கத்தக்கவையே என்று காட்டினார். மிகச் சிறந்தவராகக் கருதப்பட்டவர்கூட, எப்போதும் கோட்டின் நடுப்பகுதியையே காட்டும் ஒருவரைவிடச் சராசரியாக ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மட்டுமே நெருங்கியிருந்தார் என்பது அவருடைய கணக்கு.
- கசெல், 1990: ஜெர்மனியின் கசெல் நகரில் ஏறத்தாழ 30 பேர் மூன்று நாட்கள் சோதிக்கப்பட்டனர். 50 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்த குழாய்களின் இடம் தரையில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதில் நீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் கூறினால் போதும். சோதனை நியாயமானது என்று அனைவரும் முன்னதாகவே ஒப்புதல் அளித்திருந்தனர். முடிவு தற்செயலை ஒத்திருந்தது.

நீரோட்டம் பார்த்தலுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது இலங்கையில் நடந்த பணி ஆகும். ஜெர்மானிய உதவித் திட்டம் ஒன்றின் கீழ், ஹான்ஸ் ஷ்ரோட்டர் என்பவர் கம்பி கொண்டு காட்டிய இடங்கள் உட்பட உலர் வலயத்தில் 691 துளைகள் இடப்பட்டன என்றும், அவற்றுள் 96 விழுக்காடு வெற்றி பெற்றன என்றும் ஹான்ஸ்-டீட்டர் பெட்ஸ் 1995 ஆம் ஆண்டில் எழுதினார். இவ்வெண் பெரியது எனினும், அதே பகுதிகளில் கம்பியைப் பயன்படுத்தாமல் இட்ட துளைகளுடன் முறையான ஒப்பீடு செய்யப்படவில்லை. ஷ்ரோட்டர் நிலத்தை நன்கறிந்த அனுபவசாலி என்பதால், வெற்றிக்குக் காரணம் கம்பியா அனுபவமா என்பதையும் இத்தரவிலிருந்து பிரித்தறிய இயலாது.

குச்சி அசைவதற்கான காரணம்

நீரோட்டம் பார்ப்பவர்களுள் பெரும்பாலானோர் நேர்மையாகவே செயல்படுகின்றனர். வெற்றிலை பாக்குடன் தரும் சிறு காணிக்கையை மட்டும் ஏற்பவர்களும் உள்ளனர். குச்சியைத் தாம் அசைக்கவில்லை என்று அவர்கள் கூறுவது அவர்களின் உண்மையான உணர்வே ஆகும்.

மனத்தில் எழும் எண்ணமோ எதிர்பார்ப்போ, ஒருவர் அறியாமலேயே அவருடைய தசைகளில் மிகச் சிறிய அசைவை உண்டாக்கக்கூடும். இதனை எண்ண இயக்க விளைவு எனலாம். பிரெஞ்சு வேதியியலாளர் மிசேல் செவ்ரோல், ஊசல் ஆடுவதைத் தாமே ஆராய்ந்து 1833 ஆம் ஆண்டில் ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில் இதனை விளக்கினார். கண்ணைக் கட்டிக்கொண்டபோது ஊசலின் ஆட்டம் நின்றுபோனதை அவர் கண்டார். இவ்விளைவுக்கு 1852 ஆம் ஆண்டில் வில்லியம் கார்ப்பென்டர் பெயரிட்டார். ஆவிகள் மேசையை நகர்த்துவதாக நம்பப்பட்டதை ஆராய்ந்த மைக்கேல் பாரடே, கை வைத்தவர்களே தம்மை அறியாமல் மேசையைத் தள்ளுகின்றனர் என்பதை 1853 ஆம் ஆண்டில் கருவி கொண்டு நிறுவினார்.

பயன்படுத்தப்படும் பொருட்கள் யாவும் நிலையற்ற சமநிலையில் இருப்பவை என்பது கவனிக்கத்தக்கது. விரித்துப் பிடித்த கவைக்குச்சி வில்லைப் போல ஆற்றலைத் தேக்கி வைத்துள்ளது. மணிக்கட்டு சிறிதளவு திரும்பினாலும் அது விசையுடன் புரளும். அப்போது குச்சியின் பட்டை உள்ளங்கையில் உராய்ந்து தோலைச் சிவக்கச் செய்வதும் உண்டு. தளர்வாகப் பிடித்த கம்பி, கை சற்றே சாய்ந்தாலும் தன் எடையால் தாழ்ந்த பக்கம் திரும்பும். உள்ளங்கையில் உள்ள தேங்காயும் அவ்வாறே. இவை நீரை உணரும் கருவிகள் அல்ல. கையின் மிகச் சிறிய அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் கருவிகள் எனலாம்.

காட்டிய இடத்தில் நீர் கிடைப்பதற்கான காரணங்கள்

1. அடிப்படை வாய்ப்பு. ஓர் ஊரில் எங்கு துளையிட்டாலும் பத்தில் ஏழு துளைகளில் ஓரளவு நீர் வரும் என்று எடுத்துக்கொள்வோம். அவ்வூரில் கண்ணை மூடிக்கொண்டு இடம் காட்டுபவருக்கும் பத்தில் ஏழு வெற்றி கிடைக்கும். அவர் தொடர்ந்து ஐந்து முறை வெற்றி பெறும் வாய்ப்பு 0.7 இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு ஆகும். எனவே அத்தகையோர் ஆறு பேர் இருந்தால், அவர்களுள் ஒருவர் "பார்த்த ஐந்தும் தவறவில்லை" என்று பெயர் பெறுவது எதிர்பார்க்கத்தக்கதே. மக்கள் அவரையே தேடிச் செல்வர்.

2. ஆழம். துளை ஆழமாகச் செல்லச் செல்ல, ஏதேனும் ஒரு வெடிப்பைச் சந்திக்கும் வாய்ப்புக் கூடுகிறது. 200 அடியில் தண்ணீர் என்று கூறப்பட்ட இடத்தில் 700 அடியில் கிடைத்தாலும் அது வெற்றியாகவே எண்ணப்படுகிறது.

3. நில அறிவு. அனுபவமுள்ளவர் பள்ளமான தடங்களையும், பச்சை மாறாத மரங்களையும், வெங்கச்சாங்கல் எனப்படும் வெண்கல் வரிசையையும், பக்கத்துக் கிணறுகளின் நிலையையும் கவனித்தபடியே நடக்கிறார். இவற்றுள் சில பயனுள்ள அடையாளங்கள். குச்சி புரளும் இடத்தை இவ்வறிவே தீர்மானிக்கக்கூடும். ஆயினும் மரமும் புற்றும் மேல்மட்ட ஈரத்தையே காட்டும். ஆயிரம் அடி ஆழத்து வெடிப்பைப் பற்றி அவை எதுவும் கூறுவதில்லை.

4. நினைவின் சாய்வு. வெற்றி ஊரெங்கும் பேசப்படுகிறது. தோல்விக்கோ காரணம் கிடைத்துவிடுகிறது. "இன்னும் நூறு அடி போயிருக்க வேண்டும்", "துளை சாய்ந்துவிட்டது", "பக்கத்துத் தோட்டத்து போர் இழுத்துக்கொண்டது" போன்றவை வழக்கமாகக் கூறப்படுபவை. எந்தத் தோல்வியும் முறையின் தோல்வியாகப் பதிவாவதில்லை.

5. ஒப்பீடு இன்மை. காட்டப்பட்ட இடத்தில் மட்டுமே துளையிடப்படுகிறது. அதிலிருந்து ஐம்பது அடி தள்ளித் துளையிட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது தெரியவருவதே இல்லை.

இயற்பியல் விளக்கங்கள்

ஓடும் நீர் ஏற்படுத்தும் காந்த அல்லது மின் மாற்றத்தை மனித உடல் உணர்கிறது என்ற கருத்தும் உண்டு. பிரெஞ்சு இயற்பியலாளர் ஈவ் ரொக்கார், மிகச் சிறிய காந்தப்புல வேறுபாடுகளைச் சிலர் உணர்வதாக 1960களில் எழுதினார். இருமறைச் சோதனைகளில் அத்திறன் உறுதிப்படவில்லை.

பாறை இடுக்குகளில் நீர் கசியும்போது சிறு மின்னழுத்தம் தோன்றுவது உண்மையே. புவி இயற்பியலில் இதனை அளந்து பயன்படுத்தும் முறையும் உள்ளது. ஆனால் அது பெரும்பாலும் மில்லிவோல்ட் அளவினது. தரையில் ஊன்றிய தனிவகை மின்முனைகளும் உணர்திறன் மிக்க அளவியும் இன்றி அதை அளக்க இயலாது. மேலும், இன்றைய தோட்டங்களில் மோட்டார்களும் மின்கம்பிகளும் இதைவிடப் பன்மடங்கு வலிய புலங்களை உண்டாக்குகின்றன. குச்சி அவற்றால் குழம்புவதாக யாரும் கூறுவதில்லை.

நிலநீர் அறியும் அறிவியல் முறைகள்

பரவலாகப் பயன்படும் முறை மின்தடை அளவீடு ஆகும். நான்கு உலோக முளைகள் ஒரே கோட்டில் தரையில் அடிக்கப்படுகின்றன. வெளி முளைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்கு இடையிலான மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. முளைகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட, மின்னோட்டம் ஆழமான அடுக்குகளையும் எட்டுகிறது. திண்மையான பாறையின் மின்தடை மிக உயர்வு. நீர் நிறைந்த சிதைந்த பாறையின் மின்தடை குறைவு. இவ்வேறுபாட்டைக் கொண்டு அடுக்குகளின் தடிமன் கணிக்கப்படுகிறது. செயற்கைக்கோள் படங்களில் தெரியும் நீண்ட கோட்டமைப்புகளும், நிலவியல் வரைபடங்களும், பக்கத்துக் கிணறுகளின் தரவுகளும் இதனுடன் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நிலநீர் வல்லுநர்கள் இம்முறைகளைக் கையாளுகின்றனர். வேளாண்மைப் பொறியியல் துறை, விவசாயிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் இவ்வாய்வைச் செய்து தருகிறது.

இம்முறைகளும் பிழையற்றவை அல்ல. களிமண்ணும் உப்பு நீரும் மின்தடையைக் குறைப்பதால், நொய்யல் கரையில் குறைந்த அளவீடு நல்ல நீரின் அடையாளம் ஆகாது. பல நூறு அடி ஆழத்தில் உள்ள குறுகிய வெடிப்பை மேற்பரப்பிலிருந்து தெளிவாகக் காண்பதும் கடினம். ஆனால் இவற்றின் தோல்விகள் பதிவு செய்யப்படுகின்றன, காரணங்கள் ஆராயப்படுகின்றன, கணிப்பு திருத்தப்படுகிறது. "இங்கு துளையிட வேண்டாம்" என்ற விடையையும் இவை தர வல்லவை. அழைத்த வீட்டுக்காரரிடம் அவ்விடையை நீரோட்டம் பார்ப்பவர் கூறுவது அரிது.

தவறான இடத் தேர்வின் விளைவுகள்

ஆயிரம் அடி ஆழத் துளைக்கு ஆகும் செலவு, மேற்பகுதியில் இறக்கும் குழாயும் நீர்மூழ்கி மோட்டாரும் சேர்ந்து ஓர் இலட்சம் ரூபாயை எளிதில் கடந்துவிடும். துளை வறண்டாலும் அடிக்கணக்கில் துளையிடும் கூலி தந்தாக வேண்டும். ஒன்று பொய்த்தால் மற்றொன்று எனத் தொடர்ந்து துளையிட்டுக் கடனாளியான குடும்பங்கள் வறண்ட பகுதிகள் பலவற்றில் உள்ளன. தென்னை போன்ற நீண்டகாலப் பயிரை வைத்திருப்பவர், கோடையில் மரங்களைக் காப்பதற்காக இம்முடிவை அவசரத்தில் எடுக்க நேர்கிறது.

கைவிடப்பட்ட துளைகள் உயிருக்கும் ஆபத்தானவை. உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டில் இவற்றை மூடுவதற்கான நெறிமுறைகளை வகுத்தது. அதன் பின்னரும், 2019 அக்டோபரில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பயன்படாத துளையில் விழுந்து இறந்தது. பொய்த்த துளையை உடனடியாக மண்ணிட்டு நிரப்புவதோ, உறுதியான மூடியிட்டுப் பூட்டுவதோ கட்டாயம் ஆகும்.

எளிய சோதனை

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இத்திறனைக் குறைந்த செலவில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே வகையான, மூடியுள்ள பத்து வாளிகள் தேவை. ஒன்றில் மட்டும் நீர் நிரப்ப வேண்டும்.

1. முதலில் மூடிகளைத் திறந்து வைத்து, நீருள்ள வாளியின் மேல் குச்சி அசைகிறதா எனப் பார்ப்பவர் உறுதி செய்துகொள்ளட்டும். தேங்கிய நீருக்குக் குச்சி அசையாது என்று அவர் கூறினால், வாளிகளுக்கு மாற்றாக நீர் ஓடும் குழாய்களைப் பயன்படுத்தலாம்.
2. பின்னர், சீட்டுக் குலுக்கி எடுத்த எண்ணுள்ள வாளியில் மட்டும் ஒருவர் நீரை நிரப்பி, எல்லா வாளிகளையும் மூடிவிட்டு, அங்கிருந்து விலகிவிட வேண்டும்.
3. விடை அறியாத வேறொருவர் முன்னிலையில், பார்ப்பவர் ஒரு வாளியைத் தெரிவு செய்ய வேண்டும். விடை எழுதி வைக்கப்பட வேண்டும்.
4. இவ்வாறு பத்து முறை செய்ய வேண்டும்.

வெறும் ஊகத்தால் சராசரியாக ஒரு முறை சரியாக அமையும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முறை தற்செயலாகச் சரியாகும் வாய்ப்பு ஏறத்தாழ 1.3 விழுக்காடு மட்டுமே. அத்தகைய முடிவு கிடைத்தால் சோதனையை மீண்டும் செய்து பார்ப்பது தகும். தோல்வியுற்றவரை ஏளனம் செய்யாதிருப்பது முக்கியம். மூடி திறந்திருந்தபோது குச்சி அசைந்ததும் மூடியபின் தவறியதும் சேர்ந்தே இங்கு விடையாகின்றன.

ஊர் அளவிலும் ஒரு பதிவேடு வைக்கலாம். ஒவ்வொரு துளைக்கும் முன்னதாகக் கூறப்பட்ட ஆழம், நீரின் அளவு, சுவை ஆகியவற்றையும், பின்னர் உண்மையில் கிடைத்தவற்றையும் எழுதி வர வேண்டும். பொய்த்த துளைகளும், எவரும் பார்க்காமல் போட்ட துளைகளும் அதில் இடம்பெற வேண்டும். நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பதா வேண்டாவா என்பதை அவ்வூரார் தம் சொந்தத் தரவைக் கொண்டே முடிவு செய்யலாம். புதிதாகத் துளையிட எண்ணும் எவருக்கும் இப்பதிவேடே சிறந்த வழிகாட்டியாக அமையும்.

நீர்மட்டமும் மீள்நிரப்பலும்

இடத் தேர்வு எவ்வளவு சிறந்ததாக இருப்பினும், பாறை வெடிப்பில் தங்கியிருக்கும் நீரின் அளவை அது கூட்டுவதில்லை. புதிய துளை பல வேளைகளில் புதிய நீரைக் கண்டறிவதில்லை. பக்கத்துத் துளை எடுத்துக்கொண்டிருந்த அதே நீரைப் பங்கிட்டுக்கொள்கிறது. மழைநீர் சேகரிப்பு, தடுப்பணை, குளம் தூர்வாருதல் ஆகியவையே வெடிப்புகளை மீண்டும் நிரப்புபவை.

இவ்வட்டார மக்கள் பல பத்தாண்டுகள் கோரி வந்த அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024 ஆகத்து 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டி.எம்.சி. அளவுக்கு நீரேற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு வழங்கப்படுவது இத்திட்டத்தின் நோக்கம் ஆகும். நிலத்தடி நீரை மீள்நிரப்புவதே இதன் முதன்மைப் பயனாகக் கருதப்படுகிறது. இக்குளங்களை ஒட்டிய கிணறுகளின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்தால், எந்தப் பகுதியின் பாறை எவ்வளவு நீரை ஏற்கிறது என்பது தெரியவரும்.